கத்திரி அக்காவும் கோடு போடும் பூச்சியும்

அந்த வீட்டு மாடிக்கு நான் குடிவந்த அன்று கத்திரி அக்கா என்னிடம் முதலில் பேசியது வாடகையைப் பற்றி அல்ல. "கொஞ்சம் அசையாம நில்லு" என்றாள். என் தோள்பட்டைத் தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிடித்தாள், இடுப்பிலிருந்து குட்டிக் கத்திரியை எடுத்தாள், ஒரே வெட்டு. அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தாள். இது வரவேற்பா, குத்திக்காட்டலா என்று தெரியாமல் மூட்டை முடிச்சோடு விழித்துக்கொண்டு நின்றேன்.

கீழே முன்னறைதான் அவளுடைய பியூட்டி பார்லர். நாற்காலி இரண்டு, வேலை செய்ய ஆள் ஒருத்தி, அவளேதான். அதன் பின்னால் ஒரு படுக்கையறை, சமையலறை, அதற்கும் பின்னால் குழாயடியும் துண்டு காயப்போடும் கம்பியுமாகச் சின்ன முற்றம். பலகையில் ஏதோ பெரிய பெயர்தான் எழுதியிருந்தது. தெருவுக்கு அவள் கத்திரி அக்கா. நான் செருப்புக் கடையில் விற்பனைப் பெண், நாள் முழுக்க ஊரார் காலைப் பிடித்துக்கொண்டிருப்பவள். சாயங்காலம் வந்ததும் பார்லரில் சும்மா கிடக்கும் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். அங்கே மின்விசிறி என் அறையில் உள்ளதைவிட நன்றாகச் சுற்றும். "அடி உனக்கு, முடி எனக்கு, மனுஷங்கள ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம்" என்பாள் அக்கா.

அவளுடைய கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அது அவள் பிறவிக் குணம் என்று தெருவில் சொல்வார்கள். பிறவிக் குணம் இல்லை, பழக்கிவிட்ட குணம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு வெட்டுவது அவள் வேலை. வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு குட்டிக் கத்திரி, எதிரே மலைபோல் சட்டை. ஒரு பிசிறு விட்டுப்போனால் சூப்பர்வைசர் அந்தச் சட்டையைத் தூக்கி எல்லாரும் பார்க்க ஆட்டுவாராம். அக்காவின் சட்டையை அவர் ஒருமுறைதான் ஆட்டினார். அதற்குப் பிறகு அவள் பிசிறு விட்டதே இல்லை.

பிறகு கல்யாணம், பிறகு ஒரு பயிற்சி வகுப்பு, பிறகு இந்தப் பார்லர். ஆள் ஆலையை விட்டு வந்துவிட்டாள், கை வரவில்லை. மேசை விரிப்பின் ஓரம், சுவர் தாண்டி எட்டிப்பார்க்கும் பக்கத்து வீட்டுக் கொடி, கணவரின் மீசை, எதுவும் அவளிடம் தப்பாது. மகன் ஒருவன். வேலை கிடைத்து வெளியூர் போனவன் முதல் காரியமாகத் தோள்வரை முடி வளர்த்தான். அவன் அனுப்பிய போட்டோவை அக்கா கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அந்த முடியை விரலால் மறைத்து மறைத்துப் பார்த்தாள்.

கணவர் லாரி ஓட்டுபவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வந்தால் இரண்டு நாள் தூங்குவார், பார்லர் குழாயில் வாஷர் மாற்றுவார், கிளம்பிவிடுவார். அதிகம் பேசாத மனிதர். மனைவியிடம் எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவர். இந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல ஒரே ஒரு பொருள்தான் இருந்தது, முற்றத்து எலுமிச்சை மரம்.

அது ஒரு பெயின்ட் டப்பாவில், லாரியின் முன்னிருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மரம். வழியில் ஒரு நாற்றுப்பண்ணைக்காரரிடம் பேரம் பேசாமல் வாங்கியிருக்கிறார். மூன்று வருஷத்தில் காய்க்கும் என்று அந்த ஆள் அடித்துச் சொன்னாராம். குழாயடி ஓரம் அவரே குழி தோண்டி நட்டார். "இதுல ஒரு காய் பாத்துட்டா போதும்" என்று சொன்னார். அவர் ஆசை என்று வாய்விட்டுச் சொன்னது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், இதையும் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நட்ட முதல் வருஷமே இலைகளில் கோடு விழ ஆரம்பித்தது. யாரோ வெள்ளிப் பேனாவால் கிறுக்கியதுபோல, வளைந்து வளைந்து, தானே தன்னைச் சுற்றிக்கொண்டு போகும் கோடு. கோடு விழுந்த இலை சுருண்டு, நெளிந்து, கசக்கிப்போட்ட காகிதமாகிவிடும். அக்காவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. முடியின் நுனி பிளந்தால் என்ன செய்கிறோம்? வெட்டிவிடுகிறோம், நன்றாக வளர்கிறது. மரத்துக்கு மட்டும் வேறு நியாயமா? வெட்டினாள். மரம் ரோஷத்தோடு புதுத் தளிர் விட்டது. அக்காவுக்கு ஒரே பெருமை. சில நாளில் அந்தத் தளிர் முழுக்கக் கோடு. மறுபடி வெட்டினாள். இப்படியே வருஷங்கள் ஓடின. லாரிக்காரர் ஒவ்வொரு முறை வரும்போதும் மரம் இடுப்பளவிலேயே நின்றது. ஒழுங்காக, உருண்டையாக, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளையின் தலை மாதிரி இருக்கும். பூ மட்டும் கிடையாது.

அக்காவின் வாயும் கையைப் போலத்தான். "அந்த நாற்றுக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டான்" என்று ஆரம்பித்தாள். முதலில் அவரிடம் மட்டும் சொன்னாள், பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஒருநாள் நாத்தனார் குடும்பம் வந்திருந்தது, நானும் இருந்தேன். "எங்க அண்ணன் பாத்து வாங்கினதா? அப்ப அது மலட்டு மரமாத்தான் இருக்கும்" என்று நாத்தனார் எடுத்துக்கொடுக்க, அக்கா சொன்னாள்: "லாரி நிறைய சரக்க ஏத்திக்கிட்டுப் போறவருக்கு ஒரு செடி பாத்து வாங்கத் தெரியல."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் ஊரிலிருந்து வந்தால் முற்றத்துப் பக்கமே போவதில்லை, பல் துலக்கக்கூட முன்பக்கத்துக் குழாய்க்கு வந்துவிடுவார். எனக்கு அவர்மேல் இரக்கமும் அக்காமேல் கோபமுமாக வந்தது. வாடகைக்கு இருப்பவளின் கோபம் எங்கே எடுபடும்? மாடிக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விஷயம் வெளிப்பட்டது ஒரு புருவத்தால்.

செடிகளின் நோய் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிற பெண் புருவம் திருத்திக்கொள்ள வந்தாள். முகம் கழுவ முற்றத்துக் குழாய்க்குப் போனவள், திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்ததும் கேட்டாள்: "ஏக்கா, அந்த எலுமிச்சைய யாரு வெட்டி விடுறது?"

அக்கா அதற்குள் நூலை எடுத்துவிட்டாள். இந்த வேலையில் நூலின் ஒரு முனை பல்லுக்கிடையில் இருக்கும், வாய் திறக்க முடியாது. "ம்" என்றாள், நான்தான் என்ற பொருளில்.

"வெட்டாதீங்க."

"ம்ம்?"

"அது நோய் இல்லக்கா, பூச்சி. கடுகு மாதிரி ஒரு அந்துப்பூச்சி. தளிர்லதான் முட்டை வைக்கும். முத்தின இலையோட தோலு அதோட புழுவுக்கு ரொம்பக் கெட்டி, உள்ள போக முடியாது. ஒரு தளிர் கொஞ்ச நாள்ல தானா முத்திடும், அதோட பூச்சிக்கு வேலை இல்ல. நீங்க வெட்ட வெட்ட மரம் புதுசு புதுசா தளிர் விடுது. அது வந்து மறுபடியும் முட்டை வைக்குது." இமையைத் தன் விரலாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் வழிய வழியப் பேசினாள் அந்தப் பெண். "கோடு விழுந்த இலைகூட மரத்துக்குச் சோறு போடும். பூக்கிறதுக்கு முத்தின கிளை வேணும். அத நீங்களே எடுத்துட்டா எங்கேருந்து காய்க்கும்?"

அக்கா குறுக்கே பேசாமல் ஒருவர் சொன்னதை முழுதாகக் கேட்டது அவள் ஆயுளில் இது ஒருமுறையாகத்தான் இருக்கும். அதற்கு நூலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நூலை வாயிலிருந்து எடுத்ததும் முதல் கேள்வி: "மருந்து அடிச்சா?"

"புழு இலைத் தோலுக்கு உள்ள படுத்திருக்குக்கா. மேல அடிக்கிற மருந்து அது மேல படாது. அதக் கொல்லத் தேடி வர்ற குட்டிக் குளவிங்கதான் சாகும். சும்மா விட்டுடுங்க, அது போதும்."

அவள் போனதும் அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "சும்மா விடணுமாம். சும்மா விட்டா அவ புருவம் என்ன கதில இருந்திருக்கும்?"

ஆனால் கொஞ்ச நேரத்தில் முற்றத்துக்குப் போய் ஒரு தளிரைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். பார்லரில் ஒரு பூதக்கண்ணாடி விளக்கு இருந்தது. நீளக் கையின் நுனியில் வட்டமான கண்ணாடி, அதைச் சுற்றிலும் விளக்கு. முகத்தில் கரும்புள்ளி எடுப்பதற்காக வாங்கியது. அதன் அடியில் இலையை விரித்து வைத்துக் குனிந்தாள். நானும் தலையை நுழைத்தேன்.

வெறும் கண்ணுக்குக் கோடாகத் தெரிந்தது, அங்கே ஒரு சுரங்கமாகத் தெரிந்தது. இலையின் மெல்லிய மேல்தோல் தனியாகக் கழன்று, வெள்ளிப் படலமாக எழும்பி நிற்கிறது. அந்தப் படலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் பாதை. பாதையின் நடுவே இழுத்துவிட்டாற்போல ஒரு கறுப்புக் கோடு, அது புழு போட்டுக்கொண்டே போன எச்சம். ஆரம்பத்தில் நூல் அளவு இருக்கும் பாதை புழு வளர வளர அகலமாகிக்கொண்டு போகிறது. கடைசியில், பாதை முடிகிற இடத்தில், அந்தப் புழு. மஞ்சளும் பச்சையும் கலந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. கால் என்று எதுவும் இல்லை. தட்டையாகப் படுத்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி இலையின் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு உலகம் இருப்பதே அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"உயிரோட இருக்குடி!" என்றாள் அக்கா. உடனே கை கரும்புள்ளி எடுக்கும் கம்பியிடம் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சில வாரங்கள் அக்கா ஒரு மாதிரிதான் இருந்தாள். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் விளக்கின் கீழே இலை இருக்கும். முட்டையைக் கண்டுபிடித்ததும் அவள்தான். இலையின் அடிப்பக்கத்தில், நடு நரம்பை ஒட்டி, ஒரு சொட்டுத் தண்ணீரை ஊசி முனையால் தொட்டு வைத்த மாதிரி இருந்தது. அது பொரிந்ததும் புழு வெளியே தலைகூட நீட்டுவதில்லை, முட்டை ஒட்டியிருக்கும் இடத்திலேயே நேராக இலைக்குள் இறங்கிவிடுகிறது. சில நாள் ஓயாமல் குடிக்கிறது, வளர்கிறது, தோல் உரிக்கிறது. வயிறு நிறைந்த பிறகு எதையும் தொடுவதில்லை. இலையின் ஓரத்துக்கு நகர்ந்து, உள்ளேயிருந்து பட்டு நூல் இழுத்து, ஓரத்தைத் தன்மேல் மடித்துக்கொள்கிறது. நாம் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வதுபோலத்தான். அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகிவிடுகிறது.

"ஓரம் மடிச்சு அடிக்கிறதுல என்ன சுத்தம் பாரு" என்றாள் ஆலையில் வேலை பார்த்தவள். அவள் ஒரு வேலையைப் பாராட்டி நான் கேட்டது குறைவு.

அப்படி ஓரம் மடிந்த இலைகளோடு ஒரு குச்சியைக் காலி கிரீம் ஜாடியில் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி, கண்ணாடி அலமாரியில் சாயப் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். வந்தவர்கள் அது என்ன புது கிரீம் என்று கேட்டார்கள். ஒருநாள் விடியும் நேரத்தில் கீழேயிருந்து சத்தம்: "ஏய், ஓடி வா!"

ஜாடியின் உட்சுவரில் ஒரு துளி வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான். இவ்வளவு வருஷம் ஒரு மரத்தையும் ஒரு குடும்பத்தையும் ஆட்டிப்படைத்தது ஒரு அரிசி நொய்யின் அளவுகூட இல்லை. வெறும் கண்ணால் பார்த்தால் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு என்று ஊதிவிடுவோம். விளக்கின் கீழே பார்த்தால் வேறு கதை. உடம்பெல்லாம் வெள்ளி. முன் இறக்கையில் மஞ்சளும் பழுப்புமாக நீளவாக்கில் கோடுகள், இறக்கையின் நுனியில் மை வைத்த மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. பின் இறக்கை என்று பெயருக்கு ஒரு குச்சி, அதைச் சுற்றிலும் மயிர்க்குஞ்சம். தன் உடம்பைவிட நீளமான உணர்கொம்பைப் பின்னால் மடித்துப் போட்டுக்கொண்டு, ஒய்யாரமாக நின்றது.

"எவ்வளவு அழகா உடுத்திக்கிட்டு வந்திருக்கா பாரு" என்றாள் அக்கா. அவள் கை கத்திரியைத் தேடாத அபூர்வமான நேரம் அது. அவ்வளவு குஞ்சம் தொங்கியும் ஒன்றைக்கூட வெட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பகலெல்லாம் அது அசையவில்லை. இருட்டத் தொடங்கியதும் தத்தித் தத்திப் பறந்தது. நாலைந்து நாள்தான் அதற்கு வாழ்க்கை. அதற்குள் ஒரு துணையைப் பிடிக்க வேண்டும், ஒரு தளிரைக் கண்டுபிடிக்க வேண்டும். தளிர் கிடைக்காவிட்டால் அதன் கதை அதோடு சரி.

"ஊரெல்லாம் தளிரத் தேடி அலைய வேண்டியது" என்றாள் அக்கா மெதுவாக. "இங்க வருஷம் பூரா நான் தட்டுல வச்சுக் குடுத்திருக்கேன்."

ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் எது ஓடுகிறது என்பதை நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்: "அந்த மனுஷன் நல்ல செடியாத்தான் வாங்கிட்டு வந்திருக்காரு." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த வாரமே லாரிக்காரரிடமிருந்து போன் வந்தது. கண் பரிசோதனையில் தேறவில்லை. கிட்டத்திலும் தூரத்திலும் எல்லாம் கலங்கித் தெரிகிறதாம். பெரிய பெரிய உருவம் தெரிகிறது, வெளிச்சம் பட்டுப் பளபளப்பது தெரிகிறது, பொடிசாக இருப்பது எதுவும் தெரிவதில்லை. நரம்புக் கோளாறு, அறுவை சிகிச்சை செய்தாலும் பயனில்லை என்றுவிட்டார்களாம். முதலாளி நல்லவர். மழைக்காலம் முடியும்வரை கிடங்கில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டோடுதான். "வந்துடறேன்" என்றாராம், இவ்வளவு வருஷம் வெளியே இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"மரத்து விஷயத்தச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"ஏன்? போன்லயே சொல்லியிருக்கலாமே."

"போன்ல என்னன்னு சொல்றது? இத்தன வருஷம் நாலு பேர் முன்னாடி உங்களக் கேலி பண்ணினேன், தப்பு என்மேலதான்னா? சும்மா வாயால சொன்னா ஆச்சா? ஒரு காயப் பறிச்சு அவர் கையில குடுத்துட்டுச் சொல்றேன். ஒரே ஒரு காய்."

அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. காயை முன்னால் நிறுத்திவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தாள். நான் அப்படியே சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று தொடங்கியது அவளுடைய விரதம். மரத்தைத் தொடுவதில்லை. கிளை வெட்டும் கத்திரியை என்னிடம் கொடுத்து, "மாடில எங்கயாவது ஒளிச்சு வை, நான் கேட்டாலும் குடுக்காதே" என்றாள். கேட்டாள். கொடுக்கவில்லை. வாடகையை ஏற்றிவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தாள். கை துறுதுறுப்பை எங்காவது காட்டித்தானே ஆக வேண்டும்? அந்த மாதங்களில் எங்கள் தெருப் பெண்கள் எல்லாருடைய முடியும் கேட்டதைவிட இரண்டு விரற்கடை குட்டையாகத்தான் போனது. என் நெற்றி முடியை அவள் வெட்டிய அழகில் நான் கடைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனேன்.

மரம் அவலட்சணமாக வளர்ந்தது. ஒரு கிளை கம்பி மேல் சாய்ந்தது, இன்னொன்று குழாயை மறைத்தது. கோடு விழுந்த இலைகள் சுருண்டபடியே இருந்தன. ஆனால் அவற்றுக்கு மேலே வந்த இலைகள் முற்றி, கரும்பச்சையாகி, தோல்போலத் தடித்தன. சாயங்காலங்களில் அக்கா குழாயடியில் நின்று பார்ப்பாள். பூச்சிகள் வெள்ளைப் பொடியாக மரத்தைச் சுற்றி அலையும், உட்கார இடம் கிடைக்காமல் போய்விடும். "இன்னைக்குக் கடை லீவு" என்பாள் அவற்றிடம்.

ஒருநாள் துண்டு உலர்த்தப் போனவள் துண்டோடு நின்றுவிட்டாள். கிளை நுனியில் ஊதா நிறம் தொட்ட மொட்டுகள் கொத்தாக இருந்தன. மறுநாளே சில விரிந்தன. பார்லர்வரை வாசனை வந்தது. முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்ன சென்ட் என்று கேட்டார். அக்கா அன்று அவரிடம் பாதிக் காசுதான் வாங்கினாள். பூக்கள் உதிர்ந்த இடத்தில் பச்சை மிளகு அளவில் பிஞ்சுகள் நின்றன. பாதி கொட்டிவிட்டது. மிச்சம் ஒட்டிக்கொண்டு நின்றது.

லாரிக்காரர் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு பையோடும் வந்து சேர்ந்தார். தடித்த கண்ணாடி போட்டிருந்தார், அது பெயருக்குத்தான். முதல் நாள் வழக்கம்போலத் தூங்கினார். முற்றத்துக் குழாயை விட்டுவிட்டு மற்றக் குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றினார், மாற்ற வேண்டியதில்லாத குழாய்க்கும் மாற்றினார். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. வாசலில் நிற்பார், உள்ளே வருவார். பார்லரில் பெண்கள் இருந்தால் கூச்சப்பட்டு ஒதுங்குவார். ஓடிக்கொண்டே இருந்த மனிதர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க" என்றேன் அக்காவிடம்.

"பிஞ்சு இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும். அவர் கண்ணுக்குத் தெரியிற அளவுக்காவது வரட்டும். அவர்தான் அந்தப் பக்கமே போறதில்லையே."

என் வார விடுமுறை நாள். பார்லரில் நல்ல கூட்டம். ஏதோ ஒரு வீட்டு விசேஷத்துக்காகச் சகோதரிகள் கூட்டமாக வந்திருந்தார்கள். ஒருத்தி முகத்தில் பூச்சோடு சாய்ந்திருக்க, இன்னொருத்தி தலையில் அக்காவின் கத்திரி ஓடிக்கொண்டிருந்தது. நான் துண்டு மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து லாரிக்காரர் எட்டிப்பார்த்தார். நெற்றியில் வியர்வை, முகத்தில் இவ்வளவு நாள் நான் பார்க்காத ஒரு சந்தோஷம்.

"கொஞ்சம் வந்து பாரேன்" என்றார்.

அக்கா சீப்போடு போனாள். நான் பின்னால் போனேன்.

மரம் இடுப்பளவில் நின்றது. ஒழுங்காக, உருண்டையாக. தகரப் பெட்டியிலிருந்த கம்பி வெட்டும் பிளையரால் ஒவ்வொரு கிளையாக நறுக்கியிருக்கிறார். தரையைப் பெருக்கி, வெட்டியதையெல்லாம் ஒரு சாக்கில் அடைத்து, வாயைக்கூடக் கட்டிவிட்டார்.

"நான் இல்லாதப்ப எத்தன வருஷம் நீ ஒருத்தியா இத வெட்டி வெட்டி ஒழுங்கா வச்சிருந்த" என்றார். "இந்தத் தடவ வந்து பாத்தா ஒரே புதரு. இலையெல்லாம் வெள்ளை வெள்ளையா மினுங்குது. உனக்கு நேரமில்ல போல. இனிமே இது என் வேலை." பிளையரைத் துடைத்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஏமாந்து வாங்கிட்டு வந்தவன் நானு. காய்க்காட்டிப் போகுது, பாக்கவாவது லட்சணமா இருக்கட்டும்."

அக்காவின் வாய் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அவள் வாயில் அன்று நூலும் இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

பிறகு அவள் சாக்கைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். பார்லர் தரையில், வெட்டிய முடியின் மேலேயே, சாக்கை அவிழ்த்துக் கொட்டினாள். முழங்காலில் உட்கார்ந்து இலைகளைக் கிளறினாள். ஆயிரம் சட்டைக்கு நடுவே ஒரு பிசிறைக் கண்டுபிடித்த கை. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்படியில் திகைத்து நின்றவரின் தோளைப் பிடித்து, பாதி முடி வெட்டியவளை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேரே வைத்தாள். அவர் உள்ளங்கையை விரித்து, அதில் குச்சியை வைத்தாள்.

"என்ன தெரியுது?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். கண்ணாடியோடு மூக்கு ஒட்டும்படி குனிந்தார். "பச்சையா இருக்கு. உருண்டையா. ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு." உள்ளங்கையைக் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். "நுனியில கூரா இருக்கு. இது..."

"எலுமிச்சம் பிஞ்சு" என்றாள் அக்கா. "உங்க மரத்துது."

முகத்தில் பூச்சோடு சாய்ந்திருந்தவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அக்கா யாரையும் பொருட்படுத்தவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சூப்பர்வைசர் முன்னால் நிற்பவளைப்போல நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். பூச்சி, தளிர், இத்தனை வருஷக் கத்திரி, அவரிடம் சொல்லாமல் வைத்த மொட்டு, பிஞ்சு, எல்லாம். "உங்கள யாரும் ஏமாத்தல. காய்க்க விடாம வெட்டினதும் நான்தான், காய்க்கலன்னு எல்லார் முன்னாடியும் உங்கள அவமானப்படுத்தினதும் நான்தான். காய் வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுவும் தப்பாப் போச்சு."

அவர் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. உள்ளங்கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷத்துல காய்க்கும்னு அந்த ஆள் சத்தியம் பண்ணினான்" என்றார் கடைசியில். "நான் அவன மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருப்பேன்."

குச்சியைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக நட்டுவைத்துக்கொண்டு எழுந்தார். பிஞ்சுகள் வெளியே எட்டிப்பார்த்தன. பையின் ஓரத்தில் தையல் விட்டு ஒரு நூல் நீளமாகத் தொங்கியது. அக்காவின் கை தன்னால் அங்கே போனது. பாதி வழியில் நின்றது, திரும்பிப் போய் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டது.

நூல் அவருக்குத் தெரிந்திருக்காது. கை போனதும் நின்றதும் தெரிந்தது. மார்புப் பையைத் தடவிப் பார்த்தார், விரலில் நூல் சிக்கியது. அதை இழுத்துப் பிடித்து அவள் பக்கம் நீட்டினார்.

"இத வெட்டு" என்றார். "இது காய்க்கப் போறதில்ல."